இணைப்புத் தண்டின் முறிவு: சப்பிரகமுவத் தோட்ட எஞ்சின்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுத முற்பட்டோர் நிலத்தையும் மூலதனத்தையும், தொழிலாளர் வருகையையும், உலகச் சந்தையின் ஏற்ற இறக்கங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயினும் இவ்வாராய்ச்சிகளுட் பல தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. கொழுந்து நிறுக்கப்பட்டு உள்ளே செல்கின்றது; தேயிலைப் பெட்டியாக வெளியே வருகின்றது; இடையில் நிகழ்வது பொறியியலாளருக்குரிய விடயமென ஒதுக்கப்படுகின்றது. அந்த இடைவெளியில் எஞ்சின் அறை என ஓர் அறை இருந்தது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அக்கட்டடத்தின் அசைவனைத்தும் அந்த அறையிலிருந்தே புறப்பட்டன. அங்கும் அசைவு முழுவதும் ஒரேயொரு இரும்புத் தண்டின் வழியே கடந்து சென்றது. அத்தண்டு முறிந்த வேளைகளை நோக்குமிடத்து, இரும்பின் குறையைக் காட்டிலும், ஒரு துளி எண்ணெய், ஒரு போல்ட், வெளியேற்றப்படாத சிறிது நீர் ஆகியனவே முறிவுக்குக் காரணமாயிருந்தமை புலப்படும். இவற்றைக் கவனித்தவர்கள் யாவர் என்ற வினா பொறியியலுக்குரியதன்று, வரலாற்றுக்குரியது.

எஞ்சினின் உருளைக்குள் முசலம் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் ஓடுகின்றது. ஆலைக்கு வேண்டியதோ சுழற்சி. நேரோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவதே இணைப்புத் தண்டின் தொழிலாகும். வேலைத்தளங்களில் இது 'கொனெக்டிங் றொட்' என்றே வழங்கும். இதன் சிறுமுனை முசலத்தோடும், பெருமுனை கிராங்க் எனப்படும் வணரியோடும் பொருந்தியிருக்கும். இவ்வமைப்பு நவீன காலத்தின் கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் உளர். இன்றைய துருக்கியிலுள்ள ஹீராப்பொலிஸ் நகரில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைப் பேழையொன்றிலே கல்லறுக்கும் ஆலையொன்று செதுக்கப்பட்டுள்ளது. நீர்ச்சில்லின் சுழற்சி தண்டுகளின் வழியே வாள்களின் நேரோட்டமாக மாறுவதை அதிலே காணலாம். நீராவி எஞ்சினில் இந்த மாற்றம் எதிர்த்திசையில் நிகழ வேண்டியிருந்தது. 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பார் வணரியமைப்புக்குக் காப்புரிமை பெற்றுக்கொண்டமையால், ஜேம்ஸ் வாட் 1781இல் அதனைத் தவிர்த்துப் பற்சில்லுகளாலான வேறோர் ஏற்பாட்டை வகுக்க நேர்ந்தது. பிக்கார்ட்டின் உரிமை காலாவதியான பின்னரே வணரியும் தண்டும் தடையின்றிப் பரவின. கைத்தொழிற் புரட்சியின் அடிப்படை உறுப்பொன்று தொடக்கத்திலேயே உடைமைச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தமை சுவையான செய்தியே.

நிவித்திகல இரத்தினபுரி நகருக்குத் தென்கிழக்கே, களுகங்கையின் நீரேந்து பரப்பினுள் அமைந்துள்ளது. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயப் பகுதி இது. தாழ்நிலத் தேயிலை, இறப்பர், இரத்தினக்கல் அகழ்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடுத்து நிகழும் சிறப்பு இப்பகுதிக்கு உண்டு. நீர் இங்கு மிகுதி. ஆதலின் மனித வலுவுக்கும் விலங்கு வலுவுக்கும் அடுத்தபடியாக நீரின் வலுவே இத்தகைய மலைச்சரிவுகளில் முதலிற் பயன்பட்டிருத்தல் இயல்பே. கோப்பிக் காலத்திலேயே இலங்கையின் தோட்டங்களிற் கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பொறிகள் நீர்ச்சில்லுகளால் இயக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1872 அளவில் அங்கே முறையான தொழிற்சாலையொன்றை அமைத்தார். கோப்பிக்கெனச் சுழன்ற சில்லுகள் தேயிலைக்கெனச் சுழலலாயின.

தோட்டத் தமிழில் சில்லைக் குறிக்கும் 'ரோதை' என்னும் சொல் இவ்விடத்தில் கவனத்திற்குரியது. சிங்களத்து 'ரோதய'வும் போர்த்துக்கேயத்து 'ரோட'வும் ஒலியாலும் பொருளாலும் இதற்கு நெருங்கியன. தொழிலாளர் இச்சொல்லை வெறும் பொறிப்பெயராக விட்டுவிடவில்லை. மலையகத் தமிழர் வழிபடும் தெய்வங்களுள் 'ரோதை முனி' எனத் தொழிற்சாலைக்குரிய தெய்வமொன்று உண்டு. கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும் தெய்வங்கள் இருப்பதுபோலவே, சுழலும் பொறிக்கும் ஒரு காவல் தெய்வத்தை அவர்கள் கண்டனர். பொறியினால் உயிருக்கு ஊறு நேராதிருக்க வேண்டுமென்பதே இவ்வழிபாட்டின் உட்கிடக்கை. இதனை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கை ஒன்றை ஒரு கணத்தில் இழக்கக்கூடிய இடத்தில் நாள்தோறும் நின்ற மனிதரின் அச்சம் வேறெந்த ஆவணத்திலும் இத்துணைத் தெளிவாகப் பதிவாகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

நீர்ச்சில்லுக்கு இணைப்புத் தண்டு வேண்டியதில்லை. அது தொடக்கத்திலேயே சுழற்சிதான். அதன் குறைகள் மெதுவானவை: மரம் உக்குதல், கோடையில் நீர் வற்றுதல் போல்வன. நீராவி எஞ்சின் தோட்டங்களுக்குள் வந்தபோதுதான் திடீரென முறியக்கூடிய உறுப்பும் கூடவே வந்தது. 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய கொழுந்து உருட்டும் பொறிகளை இங்கிலாந்தின் கெயின்ஸ்பறோ நகரிலிருந்த மார்ஷல் நிறுவனம் செய்து விற்றது; அதே நிறுவனம் நீராவி எஞ்சின்களையும் செய்தது. பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்திகள் உருவாயின. இவையாவும் கொழும்பில் இறங்கி உள்நாட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகைவண்டிப் பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. இறப்பரின் விலை உலகச் சந்தையில் உச்சத்தைத் தொட்டது 1910இல். ஆகவே புகைவண்டி வந்த வேளையில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே இறப்பர்த் தோட்டங்கள் விரைந்து பரவிக்கொண்டிருந்தன என்பதையும் நோக்க வேண்டும். கனரகப் பொறிகள் இப்பகுதிக்கு வருவது அதன் பின்னர் எளிதாயிற்று.

நீராவி எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. அதன் தண்டு நீண்டது, தடித்தது. முனைகளில் வெண்கலப் போதிகைகளை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருந்தது. போதிகை தேயத் தேய ஆப்பைச் சிறிது தட்டி இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் 'டொக், டொக்' என்னும் ஓசை எழும். மிகையாக இறுக்கினால் எண்ணெய் புகவியலாது போதிகை சூடேறும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எந்தக் கைந்நூலிலும் இல்லை; சுத்தியலைப் பிடித்த கையிலேயே இருந்தது. இதனினும் பெரிய ஆபத்து நீரினால் நேர்ந்தது. குளிர்ந்த உருளைக்குள் நுழையும் நீராவி ஒடுங்கி நீராகும். வாயுவை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. முசலம் நீரின்மீது மோதினால், மோதலின் விசை முழுவதும் தண்டின்மேல் விழும். தண்டு வளையும், அல்லது உருளையின் மூடி பிளக்கும். எஞ்சினை ஓட்டத் தொடங்குமுன் உருளையின் அடியிலுள்ள வடிகுழாய்களைத் திறந்து நீரைப் போக்குதல் இக்காரணத்தாலேயே கட்டாய வழக்கமாயிற்று. விடியற்காலை அவசரத்தில் அவ்வழக்கம் ஒருநாள் தவறினாற் போதுமானது.

மசகெண்ணெய் குறைவதால் நேரும் கேடு எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவானது. 1839இல் ஐசாக் பாபிட் என்பார் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற போதிகையமைப்போடு பெயரிணைந்த வெள்ளீயக் கலப்புலோகம் பின்னர் பெருமுனைப் போதிகைகளின் உட்பூச்சாகப் பரவியது. மென்மையான அவ்வுலோகம் தன்னைத் தேயக் கொடுத்து வணரியைக் காக்கும். எண்ணெய் வற்றினால் அது உருகி வழியும். உருகிய இடைவெளியில் தண்டு அடிபடத் தொடங்கும். அவ்வடியைத் தாங்குவன போல்ட்டுகளே. ஒரு சிறு குழாயின் அடைப்பிலிருந்து தண்டின் முறிவுவரை நிகழ்ச்சிகள் சங்கிலிபோலத் தொடர்வதை இதிலே காணலாம்.

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் எஞ்சின்கள் நீராவியின் இடத்தைப் பிடித்தன. 1897இல் றுடோல்ப் டீசலின் எஞ்சின் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. மான்செஸ்டரின் குறொஸ்லி, 1918இல் ஒன்றிணைந்த றஸ்டன் அன்ட் ஹோர்ன்ஸ்பி முதலிய பிரித்தானிய நிறுவனங்களின் எஞ்சின்கள் குடியேற்ற நாடுகளின் ஆலைகளெங்கும் பரவின. கொதிகலனும் விறகும் வேண்டியதில்லை. ஓரிருவரைக் கொண்டு இயக்கலாம். ஆனால் இவை நீராவி எஞ்சினிலும் விரைவாகச் சுழன்றன. விரைவோடு தண்டின் நோயும் மாறியது.

இவ்விடத்திலே பொதுவான கருத்துக்கு மாறான உண்மையொன்று உண்டு. உருளைக்குள் எரிபொருள் வெடிக்கும் கணத்திலேயே தண்டு முறியும் எனப் பலர் எண்ணுவர். அக்கணத்தில் தண்டு அமுக்கப்படுகின்றது; பெருமுனையின் மூடியை இறுக்கும் போல்ட்டுகளுக்கு அப்போது வேலை குறைவு. நான்கடி எஞ்சினில், எரிந்த வாயு வெளியேறி முடிந்து முசலம் மேலுச்சியை அடையும் வேளையில், அதனை எதிர்த்துத் தள்ள உருளைக்குள் அமுக்கம் ஏதுமில்லை. மேனோக்கி விரையும் முசலத்தின் பாரத்தை நிறுத்திக் கீழே இழுக்க வேண்டியவை அந்த இரண்டு அல்லது நான்கு போல்ட்டுகளே. வெடிப்பின்போதன்றி வெறுமையின்போதே அவை மிகையாக இழுபடுகின்றன. இவ்விழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிக்கும். நிமிடத்துக்கு 300 முறை சுழலும் எஞ்சின் 450 முறை சுழன்றால், விசை ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டேகால் மடங்காகின்றது. ஆலையின் நெடுந்தண்டை இயக்கும் தோல்வார் அறுந்து, எஞ்சினின் சுமை திடீரென நீங்கி, வேகத்தை ஆளும் 'கவர்னர்' கருவியும் அழுக்கேறிச் சிக்கிக்கொண்டால் நேர்வது இதுவே. தண்டு முறிந்தபின் அதன் துண்டு எஞ்சினின் வார்ப்பிரும்புச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே பாயும்.

மிகைவேகம் இல்லாதபோதும் போல்ட் முறியலாம். ஐரோப்பாவின் புகைவண்டி வரலாறு இதனை விளக்க உதவும். 1842 மே 8ஆம் திகதி வெர்சாய்க்கும் பாரிசுக்கும் இடையே எஞ்சினின் அச்சு முறிந்து நேர்ந்த விபத்திற் பலர் மாண்டனர். நெடுநாள் அதிர்ச்சியால் இரும்பு 'பளிங்காகிவிடுகின்றது' என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. ஜெர்மனியில் ஓகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் நடத்திய சோதனைகள் வேறு வழியைக் காட்டின. ஒருமுறை ஏற்றினால் எளிதிற் தாங்கப்படும் சுமையே பல இலட்சம் முறை மாறி மாறி ஏற்றப்படும்போது உலோகத்தை முறித்துவிடும். 1903இல் யூவிங், ஹம்ப்றி ஆகிய இருவரும் நுணுக்குக்காட்டியின் கீழ், உலோக மணிகளுக்குள் நுண்ணிய வழுக்கற் கோடுகள் தோன்றிப் பிளவாக வளர்வதைக் கண்டனர். இதனை உலோகக் களைப்பு என்பர். நிமிடத்துக்கு 300 சுற்றென்றால், 12 மணி நேர வேலைநாளில் 2,16,000 சுற்றுகள். ஏறத்தாழ 46 நாள்களில் ஒரு கோடி. பிளவு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத குறையிலே தொடங்கும்: போல்ட்டின் புரி, அடையாள எண் பொறித்த இடம், சுத்தியல் பட்ட வடு. முறிந்த முகத்தை நோக்கினால், ஒரு பகுதி வழுவழுப்பாகக் கிளிஞ்சல் ஓட்டின் வரிகளோடும், எஞ்சிய பகுதி கரடுமுரடாகவும் காணப்படும். வரிகள் பிளவு மெல்ல வளர்ந்த நாள்களைக் காட்டுவன. கரடுமுரடு இறுதிக் கணத்துக்குரியது. போதிய இறுக்கமின்றி விடப்பட்ட போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் முழு விசை மாற்றத்தையும் ஏற்பதால் விரைவிற் களைக்கும். மிகையாக முறுக்கப்பட்டது நீண்டுவிடும். நீண்டதை மீண்டும் பூட்டுதல் பெருங்கேடு. புதிய போல்ட் கொழும்பிலிருந்து வரும்வரை பழையதையே பூட்டி ஓட்டுவது எத்துணை இயல்பான தவறென்பதை, கொழுந்து குவிந்து கிடக்கும் தொழிற்சாலையொன்றை எண்ணிப்பார்ப்போர் உணர்வர்.

எஞ்சின் நின்றால் இழப்பு எத்தகையது? இறப்பரும் தேயிலையும் இதில் வேறுபடுவன. உறைந்த இறப்பர்ப் பால் உருளைகளுக்கிடையே செல்லச் சில மணி நேரம் தாமதிப்பினும், தரம் குறையுமேயன்றி முற்றாக அழிந்துவிடாது. உருட்டப்பட்ட தேயிலைக் கொழுந்தோ காத்திராது. உருட்டியதும் அதன் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறத் தொடங்கும். குறித்த வேளையில் உலர்த்தியின் வெப்பத்தால் அம்மாற்றம் நிறுத்தப்படல் வேண்டும். தாழ்நிலத்தின் வெப்பத்தில் இம்மாற்றம் மேலும் விரைவானது. உலர்த்தியின் விசிறியையும் அதே நெடுந்தண்டே சுழற்றியமையால், எஞ்சின் அறையில் ஒரு போல்ட் முறிந்தால் நூற்றுக்கணக்கான பெண்கள் மழையில் நனைந்து கொய்த ஒரு நாட் கொழுந்து புளித்துப்போகும்.

இந்த இழப்பைத் தடுத்து நின்றவர் 'டீமேக்கர்' அல்லர், துரையுமல்லர். எஞ்சின் டிரைவரும் அவருக்குதவிய ஓரிருவருமே. கண்ணாடிக் குமிழியில் எண்ணெய்த் துளிகள் விழுவதைக் கண்ணாலும், பெருமுனையின் ஓசை மாறுவதைக் காதாலும், எஞ்சினை நிறுத்தியவுடன் போதிகையின் சூட்டைக் கையாலும் அறிந்தவர்கள் இவர்கள். செய்நிறுவனங்களின் கைந்நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லவில்லை. ஆகவே நூலறிவு ஒரு பக்கமும் பொறியோடு பழகிய அறிவு மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. பின்னது தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்தவரிடமிருந்து இளையவருக்கும் வாய்மொழியாகவே சென்றது. மார்ஷலின் பெயர் எஞ்சினின் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதனை நாற்பதாண்டு ஓட்டியவரின் பெயர் செக்ரோலில் ஒரு வரியாக இருந்து மறைந்தது.

சட்டம் மெதுவாகவே எஞ்சின் அறைக்குள் வந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் விபத்துக்கு ஈடு வழங்குவதை ஏற்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் எஞ்சின்களின் இயங்கும் உறுப்புகளைச் சுற்றி வேலியிட வேண்டுமென்றது. சுழலும் வணரியிலே சேலையோ வேட்டியோ சிக்குவதை வேலி தடுக்கும். முறிந்து பாயும் தண்டை அது தடுக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. அதற்குரிய ஒரே காவல் அறிந்தவரின் கவனமே.

அக்கவனத்தைக் கொண்டிருந்த மக்கட்கூட்டமே நிலைகுலைந்தது என்பதே இவ்வரலாற்றின் துயரமான பகுதி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமமாகப் பங்கிடப்பட்டனர். இத்தொகைகளைப் பேசும் ஆய்வுகள் அவர்களைக் கொழுந்து பறிப்போராகவும் இறப்பர் வெட்டுவோராகவுமே எண்ணுகின்றன. எஞ்சினின் ஓசையறிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சப்பிரகமுவத்தில் தமிழர் நுவரெலியாவிற்போல அடர்ந்து வாழாது, சிங்களக் கிராமங்களினிடையே சிதறிய தோட்டங்களில் வாழ்பவர்கள். ஒரு தோட்டத்தில் இருவர் புறப்பட்டுச் சென்றால் அத்தோட்டத்தின் எஞ்சின் அறிவு முழுவதுமே கப்பலேறியிருக்கலாம் என ஊகிப்பது தவறாகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கி நிருவாகத்தை மாற்றியபோதும், இத்தகைய அறிவைப் பதிந்துவைக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இதனிடையே மின்சாரம் வந்தது. 1950இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்கம்பிகள் சென்றவிடமெல்லாம் ஆலைப் பொறிகள் மின்மோட்டார்களுக்கு மாறின. மின்மோட்டாரில் முசலமில்லை, தண்டுமில்லை. நீர்ச்சில்லைப்போல அதுவும் தொடக்கத்திலேயே சுழற்சிதான். பழைய எஞ்சின்கள் சில பழைய இரும்பாக விற்கப்பட்டன. சில கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்திற் காட்சிக்குள்ளன. டீசல் எஞ்சின் மின்தடைக்கால உதவியாகத் தொழிற்சாலைகளில் நிலைத்தது. நாள்முழுதும் ஓடிய எஞ்சினுக்கு இல்லாத குறையொன்று ஓய்ந்திருக்கும் எஞ்சினுக்கு உண்டு. போதிகைகளிலிருந்து எண்ணெய் பெரும்பாலும் வடிந்துவிடுகின்றது. மின் நின்றதும் அது உடனே முழுச் சுமையோடு ஓட்டப்படுகின்றது. முதற் சில சுற்றுகளில் தண்டின் பெருமுனை ஏறத்தாழ வறட்சியிலேயே சுழல்கின்றது.

இணைப்புத் தண்டு தொழிற்சாலையை விட்டு நீங்கினாலும் நிவித்திகலையை விட்டு நீங்கவில்லை. இரத்தினக்கல் குழிகளில் ஊறும் நீரை முன்னர் மனிதர் கைகளால் இறைத்தனர். பின்னர் சிறிய எஞ்சின்கள் அவ்வேலையை ஏற்றன. குழியின் வருவாயைப் பங்கிடும் மரபில் நீரிறைக்கும் பொறியின் உடைமையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. பொறியின் இன்றியமையாமை அதனாற் புலப்படும். இச்சிறு எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் செலுத்தும் பம்பி இல்லை. தண்டின் பெருமுனையில் உள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு, ஒவ்வொரு சுற்றிலும் அடித்தொட்டியின் எண்ணெயைத் தொட்டு மேலே தெறிக்கச் செய்கின்றது. சரிவான நிலத்தில் எஞ்சினைச் சாய்த்து வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கரண்டிக்கு எட்டாது. தொட்டியில் எண்ணெய் இருக்கவே பெருமுனை எரிந்து இறுகும். எண்ணெயை அளந்து பார்த்தவருக்குக் குறையொன்றும் தோன்றாது.

வெள்ளமும் பழைய பகையைப் புதுப்பித்தது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரி மாவட்டத்தின் தாழ்ந்த இடங்களை மூழ்கடித்தது. நீரில் மூழ்கிய எஞ்சினின் உருளைக்குள் நீர் நிற்கும். அதனை வெளியேற்றாது ஓட்ட முயன்றால், நூறாண்டுக்கு முன் நீராவி எஞ்சினுக்கு நேர்ந்ததே டீசல் எஞ்சினுக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் நேரும். தண்டு உடனே முறியாமல் மயிரிழையளவு வளைந்து, எஞ்சின் மீண்டும் ஓடவும் கூடும். வளைந்த தண்டு முசலத்தை உருளையின் ஒரு பக்கமாக அழுத்தித் தேய்க்கும். வளைவின் உட்புறத்திலே பிளவு தொடங்கும். வெள்ளம் மறக்கப்பட்ட பின்னரே ஒருநாள் முறியும். அதற்குக் காரணம் பழைய எஞ்சின் என்றோ மலிவான உதிரிப்பாகம் என்றோ சொல்லப்படும்.

தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் நின்றபோது கெட்டது கொழுந்து. குழியில் நிலைமை வேறு. நீர் ஊறி ஏறும். நனைந்த பக்கச் சுவர் நெகிழும். மரச்சட்டங்கள் தாங்கும் வரையே தாங்கும். ஆழத்திலே இல்லம் எனப்படும் கல்மண்ணை வாரிக்கொண்டிருப்போர், நீர் காலைத் தொடுவதற்கு முன்னரே மேலே ஓசை நின்றதை அறிந்து ஏறத் தொடங்குவர்.